ஜெனீவா வீட்டுக் குழாயில் சிவப்புத் துணி

எங்கள் சந்தில் புயல் வருமா வராதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஜெனீவா பிட்சர் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்போம். கூரைத் தண்ணீர் தொட்டிக்கு இறங்குகிற குழாயின் வாயில் சிவப்புத் துணி தொங்கினால் அவள் குழாயை அடைத்துவிட்டாள் என்று அர்த்தம். உடனே நாங்களும் ஏணியைத் தேடுவோம்.

பெர்முடாவில் குடிப்பதற்குக் கூரைத் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை. வெள்ளைக் கூரையில் விழுகிற மழை வீட்டுக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குப் போகும். புயல் வந்தால் கடல் காற்றோடு ஏறி வந்து கூரை முழுக்க உப்பை வாரி அடிக்கும். குழாய் திறந்திருந்தால் அத்தனை உப்பும் தொட்டிக்குள். அப்புறம் மாதக்கணக்கில் தேநீரை வாயில் வைக்க முடியாது. அதற்காக முன்கூட்டியே அடைத்துவிட்டு, புயல் வராமல் நல்ல மழை மட்டும் பெய்தால் அது இன்னொரு வயிற்றெரிச்சல். மொத்த மழையும் முற்றத்தில் ஓடி வீணாகும். எப்போது அடைப்பது என்கிற இந்த ஒரு முடிவை சந்து மொத்தமும் ஜெனீவா தலையில் கட்டியிருந்தோம்.

நான் பக்கத்து வீடு. கூரைக் கொத்தனார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கால்வின் ஃபாகோ. கூரைகளுக்கு வெள்ளையடித்து வெள்ளையடித்து பெயரே சுண்ணாம்பு என்றாகிவிட்டது. என் அம்மா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள்கூட சுண்ணாம்பின் அம்மா போய்விட்டாள் என்றுதான் பேசிக்கொண்டார்கள். எனக்கும் ஜெனீவாவுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்று இருக்கிறது. அவள் குரல் அந்தச் சுவரை ஒரு நாளும் மதித்ததில்லை.

அவள் பேருந்து ஓட்டுகிறவள். ஏறுகிறவர்கள் காலை வணக்கம் சொல்லாவிட்டால் வண்டி நகராது. இன்ஜினை அணைத்துவிட்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பாள். புயல் காலத்தில் இன்னொரு நிறுத்தமும் உண்டு. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, எந்த மேட்டில் இருந்தாலும், ஓரம் கட்டிவிட்டு வானொலிப் பெட்டியைக் காதில் வைத்துக்கொள்வாள். புயல் எங்கே இருக்கிறது என்று இரண்டு எண் சொல்வார்கள், வடக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று. அதைக் கையில் எழுதிக்கொண்ட பிறகுதான் வண்டி கிளம்பும். கப்பலைப் பிடிக்க ஓடுகிற வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பதறுவார்கள். உள்ளூர்க்காரர்கள் ஆரஞ்சு உரித்துத் தின்பார்கள்.

வீட்டில் சமையலறைச் சுவரில் அட்லாண்டிக் கடல் வரைபடம் ஒட்டியிருந்தது. ஆப்பிரிக்கா பக்கத்திலிருந்து ஒவ்வொரு புயலுக்கும் ஒரு நிறத்தில் குண்டூசி குத்திக்கொண்டே வருவாள். முப்பது ஆண்டு ஊசித் துளைகளில் அந்தக் கடல் சல்லடையாகியிருந்தது. வெளிச்சுவரில் நிழல் பார்த்து ஒரு குப்பி தொங்கும். அதில் சுறா எண்ணெய், அவள் அப்பா பிடித்த சுறாவிலிருந்து காய்ச்சியது. நல்ல நாளில் தெளிவாக இருக்கும், கெட்ட காற்று வருவதற்கு முன்னால் அடியிலிருந்து வெள்ளையாகக் கலங்கும். எனக்கு அந்தக் குப்பியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பக்கம் போனால் ஒரு பார்வை பார்க்காமல் வந்ததும் கிடையாது.

அவள் கணவர் வெண்டல் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டுகிறவர். பேசுகிற வேலையை மொத்தமாக மனைவியிடம் ஒப்படைத்துவிட்டவர்.

இப்படி இருந்தவளுக்கு ஒரு வருடம் சறுக்கல். ஆகஸ்டில் ஒரு புயல் நேராக எங்களைப் பார்த்து வந்தது. ஜெனீவா அடைத்தாள், நாங்களும் அடைத்தோம். புயல் கடைசி நாளில் கிழக்கே திரும்பி நடுக்கடலுக்குப் போய்விட்டது. போகிற போக்கில் பத்து மணி நேரம் பூப்போல மழையைக் கொடுத்துவிட்டுப் போனது. கோடை முழுக்கக் காத்திருந்த மழை. சந்து முழுக்க அவரவர் முற்றத்தில் ஓடி வீணாயிற்று. அதற்குப் பிறகு இரண்டு மாதம் சொட்டு இல்லை. லாரித் தண்ணீர் வாங்கினோம். அந்த இரண்டு மாதத்துக்கு ஜெனீவா வறட்சி என்று ஒரு பெயர் விழுந்தது. பேருந்தில் ஏறுகிறவர்கள், "காலை வணக்கம் ஜெனீவா, இன்னைக்குக் குளிக்கலாமா?" என்று கேட்டார்கள். வணக்கம் சொல்லிவிட்டதால் அவளால் வண்டியை நிறுத்தவும் முடியவில்லை. அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால் நான்தான். ஒரு நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்க எனக்கு நாற்பது தடவை ஆயிற்று.

அடுத்த வருடம் செப்டம்பரில் அவள் மகள் ரோவீனாவுக்குக் கல்யாணம். சனிக்கிழமை, வீட்டு முற்றத்தில், நூற்றைம்பது பேருக்குக் கூடாரம். மாப்பிள்ளை ஆல்ரிக் தீவின் அந்தக் கோடியில், சோமர்செட்டில் இருக்கிறவன். ஒவ்வொரு வருடமும் கோப்பைக் கிரிக்கெட்டில் எங்கள் பக்கத்து அணியை எதிர்த்து ஆடுகிற ஊர். அவர்களுக்கு நாங்கள் சுறா எண்ணெயைப் பார்த்துக் கும்பிடுகிற காட்டுக் கூட்டம். எங்களுக்கு அவர்கள் தேநீர்க் கோப்பையைச் சுண்டுவிரலைத் தூக்கிப் பிடிக்கிற கூட்டம். மாப்பிள்ளையின் அம்மா லூசிண்டா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தெற்கே ஒரு புயல் உருவாயிற்று. அந்த வருடப் பட்டியலில் அடுத்ததாக இருந்த பெயரை அதற்கு வைத்தார்கள். லூசிண்டா. செய்தியைக் கேட்டதும் நான் ஏணியிலிருந்து விழப் பார்த்தேன். கல்யாணத்துக்காக அப்போது ஜெனீவா வீட்டுக் கூரைக்குத்தான் வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். மேலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னேன், சம்பந்தியம்மா சீக்கிரமே கிளம்பிவிட்டார் போலிருக்கிறது என்று. கீழே அவள் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அதுவே புதிதாக இருந்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வானொலிக்காரர்கள் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். புயல் மேற்கே ஒதுங்கிப் போகலாம், நேரே வரவும் வரலாம், கவனமாக இருங்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. மேற்கே ஒதுங்கலாம் என்கிற பாதியை மட்டும் நாங்கள் காதில் போட்டுக்கொண்டோம். சந்தில் எல்லோரும் ஜெனீவா கூரையைப் பார்த்தார்கள். துணி இல்லை. கல்யாண வீட்டுக்காரியே அடைக்கவில்லை என்றால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிச் செய்தியை நான் என் வண்டியிலிருந்த வானொலியில் கேட்டேன். மேற்கு அறுபத்தாறு என்றார்கள். ஏழு மணிக்கு வாளியைக் கழுவிவிட்டு, இஞ்சி பீர் கொடுப்பாள் என்று அவள் சமையலறைக்குப் போனேன். மேசை நிறைய கேக் சாமான். வரைபடத்தில் சிவப்பு ஊசிகள் வரிசையாக ஏறி வந்து, கடைசி ஊசியில் இடது பக்கம் வளைந்திருந்தன. அந்த வளைவைப் பார்த்தால் புயல் எங்களைத் தொடாமல் மேற்கே போய்விடும். நல்லது என்று நினைத்துக்கொண்டே கிட்டே போய்ப் பார்த்தேன். கடைசி ஊசி அறுபத்தேழில் இருந்தது. வரைபடத்தில் ஒரு கோடு, கடலில் அறுபது மைல்.

முப்பது ஆண்டில் அவள் தப்பாக ஊசி குத்தி நான் பார்த்ததில்லை. கேலி நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

"ஜெனீவா, கடைசி ஊசி அறுபத்தாறுல இருக்கணும்."

"உனக்கு எப்பலேர்ந்து காது கேக்குது?"

"ஆறு மணிக்குக் கேட்டேன். வடக்கு சரியாத்தான் குத்தியிருக்க. மேற்குதான் ஒரு கோடு தள்ளிப் போச்சு."

அவள் மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை. "தள்ளிப் போகல. தெரிஞ்சுதான் குத்தினேன், சுண்ணாம்பு. கொஞ்ச நேரம் அப்படி இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

அவளே சொன்னாள். போன வருடம் அடைத்தாள், புயல் வரவில்லை. இந்த வருடமும் அடைத்து, கல்யாணத்தையும் மாற்றி, மறுபடி வராமல் போனால் பெண் கல்யாணத்தைத் தாயே கெடுத்தாள் என்று ஊர் சொல்லும், சம்பந்தி முகத்தில் விழிக்க முடியாது. "வறட்சின்னு ஒரு பேரு வச்சீங்க. அத தொடச்செறிய ஒரு வருஷம் ஆச்சு. இன்னொரு பேரு எனக்கு வேண்டாம்."

அந்த இடத்தில் என்னை யாராவது தொட்டிக்குள் தள்ளி மூடியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அந்தப் பெயரை வைத்தவனே அவள் வீட்டு இஞ்சி பீரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"அடைக்காம இருந்து, வந்துட்டா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஊசியைப் பிடுங்கி அறுபத்தாறில் குத்தினாள். வளைவு காணாமல் போயிற்று. ஊசி வரிசை நிமிர்ந்து எங்கள் தீவைப் பார்த்தது. பிறகு வெளியே போய்க் குப்பியைக் கொண்டுவந்து விளக்கில் காட்டினாள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை. இரண்டு நாளாகவே இருக்கிறதாம், அடுப்புச் சூட்டில் அப்படி ஆகிவிட்டது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாளாம். சுவருக்கு வெளியே தொங்குகிற குப்பிக்கு எந்த அடுப்பு.

கல்யாணம் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு என்று அங்கேயே முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் புயல் இங்கே இருக்கும் என்பது அவள் கணக்கு. பாதிரியார் உடனே சரி என்றார், அவருக்கும் கூரை இருக்கிறது. ரோவீனா, கவுன் புதன்கிழமைதான் கைக்கு வரும், விளிம்பு தைத்து முடியாவிட்டால் ஊசி குத்திக்கொண்டாவது வருகிறேன் என்று சிரித்தாள். மாப்பிள்ளை நாளைக்கே என்றாலும் சம்மதம் என்றான். சோமர்செட் அம்மாதான் அசையவில்லை. அழைப்பிதழில் சனிக்கிழமை என்று அச்சடித்தாகிவிட்டது, வானிலைக்காரர்களே ஒதுங்கலாம் என்கிறார்கள், எண்ணெயைப் பார்த்துக் கல்யாண நாள் குறிக்கிற வழக்கம் தங்கள் பக்கம் கிடையாது என்றார்.

"சம்பந்தி," என்றாள் ஜெனீவா தொலைபேசியில், "அழைப்பிதழக் காத்து படிச்சுப் பாக்காது. வியாழக்கிழமை வாங்க. புயல் வரலைன்னா சனிக்கிழமை இன்னொரு விருந்து நானே போடுறேன், அன்னைக்கு உங்க ஊரு முழுக்க வந்து என்னக் கேலி பண்ணுங்க."

புதன்கிழமை காலை சிவப்புத் துணி தொங்கியது. சந்து முழுக்கச் சிரிப்பு. வறட்சி வந்துவிட்டது, வாளிகளை நிரப்பு என்று எதிர் வீட்டிலிருந்து குரல் கேட்டது. நான் ஏணியை எடுத்துப்போய் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி என் வீட்டுக் குழாயை அடைத்தேன். ஒரு பழைய பந்தைத் துணியில் சுற்றி, குழாய் வாயில் திணித்து, சுத்தியலால் நாலு தட்டு. வேண்டுமென்றே சத்தமாகத் தட்டினேன். ஜெனீவாவை அதிகம் கேலி செய்தவனே அடைக்கிறான் என்றதும் சிரிப்பு கொஞ்சம் அடங்கிற்று. மத்தியானத்துக்குள் மூன்று வீட்டைத் தவிர மற்ற எல்லோரும் அடைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை விடிந்தது பாருங்கள், அப்படி ஒரு நீல வானம். ஒரு பொட்டு மேகம் இல்லை. காற்றே இல்லை. தெற்குக் கரையில் அலை மட்டும் தூரத்தில் நிதானமாக இடித்துக்கொண்டிருந்தது. நூற்றைம்பதில் அறுபது பேர் வந்தார்கள். வாத்தியக்காரர்கள் வரவில்லை. லூசிண்டா அம்மாள் இளமஞ்சள் தொப்பியோடு காரிலிருந்து இறங்கி, வானத்தைப் பார்த்து, ஜெனீவாவைப் பார்த்து, "நல்ல புயல்" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் உறுதிமொழி சொன்னார்கள், கேக் வெட்டினார்கள். மாப்பிள்ளைக்குத் தங்கத் தாள் ஒட்டிய கேக், பெண்ணுக்கு வெள்ளித் தாள் ஒட்டிய கேக், அதன் உச்சியில் வழக்கம்போல ஒரு சாண் உயரச் சீடார் மரக்கன்று. கன்றை அன்றைக்கே முற்றத்தில் நடவேண்டும். ஜெனீவா இன்றைக்கு வேண்டாம் என்று பூந்தொட்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனாள். அன்று அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு தெற்குப் பக்கமே நின்றாள். எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புயல் வந்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. அதற்கு நான் இன்றுவரை பாவமன்னிப்புக் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு மேலே மெல்லிய மேகம் விசிறி மாதிரி விரிந்தது. நாலு மணிக்கு ஜெனீவா சம்பந்தியிடம் போய், எங்கள் பக்கத்தை மற்றப் பக்கத்தோடு இணைக்கிற கடல் பாலத்தை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், இப்போதே கிளம்பினால் ஊர் போய்ச் சேரலாம் என்றாள். ஒரு மேகத்துக்குப் பயந்து பந்தியில் பாதியில் எழுந்து போகிற குடும்பம் தாங்கள் இல்லை என்று பதில் வந்தது. ஐந்து மணிக்கு அந்த இளமஞ்சள் தொப்பி தலையிலிருந்து கிளம்பி என் முற்றத்தைத் தாண்டிப் போயிற்று. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கார்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறு தாண்டி, பாலம் மூடியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள். நானும் என் மனைவியும் அங்கேயே தங்கிவிட்டோம். ஜெனீவா வீடு எங்கள் வீட்டைவிடக் கெட்டி, தவிர கேக்கும் அங்கேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு லூசிண்டா வந்தது. ஜெனீவாவின் கணக்கில் ஒரு மணி நேரம்தான் பிசகு. பதினாலு பேர் நடையிலும் குளியலறையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். காற்று கத்தியது என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்குக் கேட்டது ஓடு ஒவ்வொன்றாகக் கழன்று போகிற சத்தம்தான். அது யார் வீட்டு ஓடு, நான் எந்த வருடம் பதித்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வானொலி பத்து மணிக்கே செத்துவிட்டது. எண் இல்லாமல் ஜெனீவா உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மணமக்கள் ஒரு மூலையில், ரோவீனா இன்னும் ஊசி குத்திய கவுனோடு. குளியல் தொட்டியின் விளிம்பில் லூசிண்டா அம்மாள், மடியில் சீடார்க் கன்று. பூந்தொட்டி மண் சிந்தாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது வெண்டல், மனைவியிடமே வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற வெண்டல், தொண்டையைச் செருமினார்.

"வெளிய ஒரு லூசிண்டா கத்துது. உள்ள ஒரு லூசிண்டா சும்மா இருக்காங்க. நேத்து நேர்மாறா இருந்துச்சு."

எல்லோரும் குளியல் தொட்டிப் பக்கம் திரும்பினோம். முதலில் சிரித்தது லூசிண்டா அம்மாள்தான். கன்று குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அப்புறம் காற்று என்ன செய்தது என்பதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

உயிர்ச்சேதம் இல்லை. கூடாரத்தை மறுநாள் கிரிக்கெட் மைதானத்து வேலியில் கண்டெடுத்தோம். மரங்களில் அநேகமாக இலை பாக்கியில்லை, இருந்ததும் உப்பில் கருகிப் பழுப்பாகிவிட்டது. கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. எனக்கு ஆறு மாதத்துக்கு வேலை கிடைத்தது. கல்யாணம் நடந்திருக்க வேண்டிய சனிக்கிழமை நல்ல வெயில். எல்லோரும் துடைப்பத்தோடு நின்றோம். ஜெனீவா துணியை எடுக்கவில்லை. அவள் எடுக்கும்வரை யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. அரை மணி நேரம் கூரையைக் கழுவ விட்டாள். பிறகு ஏணியில் ஏறி, வழிகிற தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம். மறுபடி விரல், மறுபடி நாக்கு. சந்து முழுக்க அவரவர் ஏணியில் நனைந்துகொண்டு அவள் கையையே பார்த்தது. அவள் துணியை உருவினாள். பத்துப் பதினைந்து வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் தொட்டிக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அடைக்காத மூன்று வீட்டாரும் வாளியோடு வந்தார்கள். வணக்கம் சொன்ன பிறகுதான் ஜெனீவா ஊற்றினாள். சோமர்செட்டிலும் லூசிண்டா அம்மாள் வீட்டுக் குழாய் திறந்தபடியே கிடந்து தொட்டி உப்பாகிவிட்டது. இரண்டு மாதம் ஆல்ரிக் மாமியார் வீட்டுத் தண்ணீரைக் கேன் கேனாக அம்மாவுக்கு ஏற்றிப்போனான். அடுத்த கோப்பை ஆட்டத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே அந்த ஊர்க்காரர்கள் வாயை அடைத்தோம்.

மார்ச்சில் கன்று பிடித்துக்கொண்டதா என்று பார்க்க லூசிண்டா அம்மாள் வந்தார். புதிதாக இரண்டு தளிர் விட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு சமையலறையில் தேநீர் குடித்தார். நானும் இருந்தேன். வரைபடத்தில் ஊசிகளைப் பிடுங்கியாகிவிட்டது, துளைகள்தான் இருந்தன. அதில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டம். அது என்ன என்று கேட்டார். ஜெனீவா ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவள் மழுப்பவில்லை.

"அது புயல் இருந்த இடம் இல்ல, சம்பந்தி. நான் இருக்கச் சொன்ன இடம். கல்யாணத்த மாத்த மனசு வராம ஒரு மணி நேரம் ஊசியத் தள்ளிக் குத்தி வச்சிருந்தேன். மறக்கக் கூடாதுன்னு வட்டம் போட்டேன்."

லூசிண்டா அம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் துளையைக் கிட்டே போய்ப் பார்த்தார். சோமர்செட்டுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று விரலால் அளந்தார்.

"ஒரு மணி நேரந்தானே?" என்றார். "நான் வியாழக்கிழமை சாயங்காலம் தொப்பி பறக்கிற வரைக்கும் அந்தத் துளையிலதான் இருந்தேன்."

ஜெனீவா எழுந்து அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள். அந்த ஆகஸ்டில் முதல் புயலுக்குப் பெயர் வைத்த அன்றே சோமர்செட்டிலிருந்து தொலைபேசி வந்தது. குழாயை அடைத்தாயிற்றா என்று லூசிண்டா அம்மாள் கேட்டார், ஒன்றல்ல, இரண்டு தடவை.